உள்ளுறுப்புகளின் நரம்புகள் கெடுவது ஏன்?

காலையில் எழுந்து ஒரு குவளை காப்பி அருந்துகிறோம். அதனை விழுங்கும் வரையில்தான் நம்முடைய ஆணை செல்லும். தொண்டைக்குக் கீழே இறங்கிய பின்னர் அக்காப்பிக்கு நேர்வது எதிலும் நமக்குக் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. இரைப்பை அதனை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும், குடல் எந்த வேகத்தில் தள்ள வேண்டும், சிறுநீர்ப்பை எப்போது நிறைந்ததாக அறிவிக்க வேண்டும், இவற்றையெல்லாம் நம்மைக் கேளாமலே சில நரம்புகள் நடத்தி வைக்கின்றன. நாம் உறங்கும்போது இதயத்தின் வேகத்தைத் தணிப்பவையும், மாடிப்படி ஏறும்போது அதனை விரைவுபடுத்துபவையும், வெயிலில் வியர்வையை வரவழைப்பவையும் இந்நரம்புகளே. இவை ஒழுங்காக வேலை செய்யும் வரையில் இவை இருப்பதே நமக்குத் தெரியாது. இவை கெட்டுப்போனால் நேரும் துன்பத்தையும், கெடுவதற்குரிய காரணங்களையும் பற்றியதே இன்றைய பேச்சு.

நான் மருத்துவன் அல்லேன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். இப்பொருளில் எனக்கு நாட்டம் உண்டானதற்குக் காரணம், நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அது பயன்படக்கூடும்.

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் அக்ரஹாரம் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பழைய வீட்டில் என் பெரியப்பா வாழ்ந்து வந்தார். அப்போது அவருக்கு வயது 72. நீரிழிவு நோய் அவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக இருந்தது. தினமும் விடியற்காலையில் எழுந்து, திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளைப் படித்துவிட்டு, கடைவீதி வரை நடந்து வருவது அவர் வழக்கம். ஒரு நாள் திண்ணையிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றியில் காயம். சில நிமிடங்களில் தெளிந்து எழுந்து, “ஒன்றுமில்லையடா, தலை கொஞ்சம் சுற்றியது” என்றார். அதன் பின் வாரம் ஒருமுறையேனும் இவ்வாறு நேரத் தொடங்கியது.

பெரியப்பாவுக்குக் கன்னடம் கடைக்காரரோடு பேசும் அளவுக்கு வரும். வைத்தியரோடு பேசும் அளவுக்கு வராது. எனவே நான் உடன் சென்றேன். “எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, தலை சுற்றுகிறது” என்று அவர் தமிழில் கூறினார். நான் சுருக்கமாக, “தலெ சுத்து” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன். கேட்ட வைத்தியர், சுற்றியிருக்கும் பொருள்கள் சுழல்வது போன்ற மயக்கம் என்று அதனைக் கொண்டார். அத்தகைய சுழற்சி பெரும்பாலும் உட்காதின் கோளாற்றால் வருவது. ஆகவே காதுக்கான மருந்தை அளித்தார். அவர் பேரில் குற்றமில்லை. அவர் கேட்ட சொல்லுக்கு அதுவே தக்க மருந்து. ஆனால் பெரியப்பாவுக்கு எதுவும் சுழலவில்லை. எழுந்து நின்றபோது மட்டும் கண் இருண்டது, படுத்தால் தெளிந்தது. “எழுந்து நின்றால்” என்ற இரண்டு சொற்களை நான் விட்டுவிட்டேன். அவற்றின் விலை ஐந்து மாதங்களும், மேலும் இரண்டு வீழ்ச்சிகளும்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு வேறொரு வைத்தியர், அவரைப் படுக்க வைத்து ஒருமுறையும், நிற்க வைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தத்தை அளந்தார். படுத்திருந்தபோது 150 இருந்த மேல் அளவு, நின்ற மூன்றாவது நிமிடத்தில் 108-க்கு இறங்கியது. “இது காதின் குற்றமன்று, உள்ளுறுப்புகளின் நரம்புகள் கெட்டிருக்கின்றன. ஏன் கெட்டன என்று இனித்தான் தேட வேண்டும்” என்றார் அவர். அத்தேடலின் வழியே நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே தொகுத்துக் கூறுகிறேன்.

முதலில் இந்நரம்புகளின் இயல்பைச் சிறிது அறிவோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆராய்ந்த லாங்லி என்பார், 1898-இல் இவற்றுக்கு ஒரு பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘தனக்குத் தானே சட்டம்’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து அப்பெயரை அமைத்தார். தமிழில் தன்னியக்க நரம்பு மண்டலம் என்கிறோம். இதில் இரு பிரிவுகள் உண்டு. ஆபத்துக் காலத்திலும் உழைப்பின் போதும் உடலை முடுக்கிவிடுவது பரிவு நரம்புப் பிரிவு. ஓய்விலும் செரிமானத்தின் போதும் உடலை அமைதிப்படுத்துவது எதிர்ப்பரிவு நரம்புப் பிரிவு. வண்டிக்கு ஒன்று விசை, மற்றொன்று தடை. இரண்டும் சேர்ந்தே வண்டி ஓடும்.

எதிர்ப்பரிவுப் பிரிவின் தலையாய நரம்பு வேகஸ் என்பது. மூளையின் அடிப்பகுதியில் தோன்றி, கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று பல இடங்களுக்கும் கிளை விடுகிறது. இலத்தீன் மொழியில் ‘அலைந்து திரிவது’ என்று அதன் பெயருக்குப் பொருள். இந்நரம்பு தன் கட்டளையை எவ்வாறு தெரிவிக்கிறது என்பதை ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் ஓர் எளிய சோதனையால் காட்டினார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புத் தணிந்தது. அவ்விதயத்தை நனைத்திருந்த நீரை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். நரம்பு தூண்டப்படாத அந்த இதயமும் தணிந்து துடித்தது. நரம்பு ஓர் இரசாயனப் பொருளை விடுவித்தே கட்டளையிடுகிறது என்பது இதனால் விளங்கியது. 1936-இல் லோவிக்கும் ஆங்கில விஞ்ஞானி ஹென்றி டேலுக்கும் இத்துறையில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இனி, பெரியப்பா விழுந்ததற்கு வருவோம். நாம் எழுந்து நின்றதும், அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. அந்தக் கணமே பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தையும் விரைவுபடுத்தி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாதபடி காக்கின்றன. இவ்வளவும் சில வினாடிகளில் முடிந்துவிடும். நரம்பு கெட்டவருக்கு இந்தக் காவல் இல்லை. மூளைக்கு இரத்தம் குறைகிறது, கண் இருள்கிறது, ஆள் விழுகிறார்.

இதே நரம்புக் கேடு வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு வேடம் பூண்டு வரும். இரைப்பையில் தாக்கினால் இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிடும். உண்டது மணிக்கணக்கில் இறங்காது. குடலில் தாக்கினால் சில நாட்கள் மலச்சிக்கல், சில இரவுகளில் வயிற்றுப் போக்கு. சிறுநீர்ப்பையில் தாக்கினால் நிறைந்தது தெரியாது. கழித்த பின்னும் மிச்சம் நிற்கும். ஆடவர்க்கு இல்லற வாழ்வில் இயலாமை தோன்றும். பாதங்களில் வியர்வை நின்று தோல் வெடிக்கும். முகத்திலும் மார்பிலும் உண்ணும்போதே வியர்வை கொட்டும். இவற்றுள் ஒன்றுக்கு வயிற்று வைத்தியரிடமும், மற்றொன்றுக்குச் சிறுநீரக வைத்தியரிடமும், இன்னொன்றுக்கு எவரிடமும் சொல்லாமலும் நாம் அலைகிறோம். ஐந்து தனித்தனி நோய்கள் என்று எண்ணியவை ஒரே நோயின் ஐந்து முகங்களாக இருக்கலாம் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

காரணங்களுள் முதலிடம் நீரிழிவுக்கே உரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அந்நோயின் வாயிற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்கும்போது, நரம்பிழைகள் நேரடியாகவும் பழுதடைகின்றன. அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. நீளமான நரம்புகளே முதலில் கெடுகின்றன. அதனால்தான் பாதத்தில் மரமரப்பு முன்னதாகத் தோன்றுகிறது. உள்ளுறுப்பு நரம்புகளில் மிக நீண்டது வேகஸ். ஆகவே அதுவும் முதலிலேயே அடிபடுகிறது.

வேகஸ் அடிபட்டதற்கு ஓர் அடையாளம், ஓய்வில் இருக்கும்போதும் இதயம் விரைந்து துடிப்பது. நல்ல நிலையில் உள்ளவர் மூச்சை ஆழ இழுத்தால் நாடி சற்று விரைந்து, விட்டால் சற்றுத் தணியும். நரம்பு கெட்டவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு மறைந்து, நாடி கடிகாரம் போல் மாறாமல் அடிக்கும். எடின்பரோ நகரத்து வைத்தியர்களான யூயிங், கிளார்க் என்போர் 1970-களில் இத்தகைய எளிய படுக்கையோரச் சோதனைகளை முறைப்படுத்தி வைத்தனர். இன்றும் அவை வழக்கில் உள்ளன.

நீரிழிவால் இந்நரம்புகள் கெடும்போது இரண்டு பெரிய ஆபத்துகள் உண்டு. ஒன்று, மாரடைப்பு வந்தாலும் மார்பு வலி தெரியாமல் போகலாம். வெறும் மூச்சு முட்டலோ, காரணமற்ற களைப்போ, வியர்வையோ மட்டும் தோன்றும். மற்றொன்று, மருந்தினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது வழக்கமாக உண்டாகும் படபடப்பும் நடுக்கமும் தோன்றாமற்போகலாம்; எச்சரிக்கையின்றி நினைவு தவறும். ஆயினும் இங்கே நம்பிக்கைக்கும் இடமுண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் தேவைப்படும் 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1993-இல் நிறைவுற்றது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நரம்புக் கேடு 60 சதவீதம் அளவுக்குக் குறைவாக உண்டானது என்று அது காட்டியது. கெட்ட நரம்பைப் புதுப்பிப்பது அரிது. கெடாமல் காப்பது இயலும் என்பதே அதன் பொருள்.

நிற்க. நீரிழிவு உள்ளவருக்கு நரம்பு கெட்டால், அது நீரிழிவினால்தான் என்று முடிவு செய்து தேடலை நிறுத்திவிடுவது எளிது. அது தவறு. இரண்டாவது காரணமும் அருகிலேயே ஒளிந்திருக்கலாம். பி-12 என்னும் வைட்டமின் குறைவே அது. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் உறை செம்மையாக இருப்பதற்கு இவ்வைட்டமின் இன்றியமையாதது. இதனை ஆக்குபவை நுண்ணுயிர்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில் இது உண்டு. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. மரக்கறி உணவு உண்பவருக்குப் பாலும் தயிருமே வழி. அவற்றையும் குறைத்து, நீர்மோராகப் பெருக்கி உண்டால் போதிய அளவு சேராது. வயது ஏற ஏற, இரைப்பையின் அமிலச் சுரப்புக் குறைந்து, உண்டதிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் திறனும் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தைத் தடுக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்கும் இந்தக் குறை நேரும்.

இக்குறை எவ்வளவு பரவலானது என்பதற்கு மைசூரிலேயே சான்று உண்டு. மிஷன் ஆஸ்பத்திரி என்று ஊரார் அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1906 முதல் அந்நகரில் தொண்டாற்றி வருகிறது. 1990-களின் இறுதியில் அங்கே பேறுகாலப் பராமரிப்புக்கு வந்த 700-க்கு மேற்பட்ட தாய்மாரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. அவர்களுள் 43 சதவீதத்தினருக்கு பி-12 குறைவாக இருந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. குறை இருந்தவர்கள் அனைவருக்கும் நரம்பு கெட்டுவிட்டது என்பது இதன் பொருளன்று. இளம் வயதினரிடமே இவ்வளவு குறை இருக்குமாயின், முதியவர்களிடம் அதைத் தேடாமல் விடுவது முறையாகாது என்பதே நான் சொல்ல வருவது.

இதனுடன் மற்றொரு செய்தியையும் சேர்த்து எண்ண வேண்டும். நீரிழிவுக்கு முதன்மையாக வழங்கப்படும் மெட்பார்மின் என்னும் மாத்திரை நல்ல மருந்து, விலை மலிவானது, பல கோடி மக்களுக்கு நன்மை செய்வது. ஆனால் நெடுங்காலம் உட்கொள்ளும்போது அது பி-12 உடலிற் சேர்வதைக் குறைக்கிறது. அக்ரஹாரத்துப் பெரியவர் ஒருவர் மரக்கறி உண்பவர், முதுமை எய்தியவர், பதினைந்து ஆண்டு மெட்பார்மின் உட்கொள்பவர் என்றால், குறைக்கான காரணங்கள் மூன்றும் ஒருவரிடமே கூடிவிடுகின்றன. நரம்பு கெட்டதற்குச் சர்க்கரை மேல் பழியைப் போட்டுவிட்டு, ஊசியாலோ மாத்திரையாலோ ஈடு செய்யக்கூடிய குறையைக் காணாமல் விட்டுவிடுகிறோம். இங்கு ஓர் எச்சரிக்கை. இரத்த சோகை என்று போலிக் அமில மாத்திரையை மட்டும் தாமாக வாங்கி உண்டால், இரத்தம் தேறியது போல் தோன்றும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். எனவே சோதித்த பின்னரே உண்ண வேண்டும். மெட்பார்மினையும் தாமாக நிறுத்தலாகாது.

மூன்றாவதாக, மருந்துகளும் மதுவும். இரத்த அழுத்தத்துக்கும், புராஸ்டேட் வீக்கத்துக்கும், மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள் நரம்பைக் கெடுக்காமலே அதன் வேலையைத் தடுக்கும். ஏற்கெனவே நலிந்த நரம்பு அப்போது முற்றிலும் தோற்றுப்போகும். வேறு சில மருந்துகள் நரம்பையே பழுதாக்கும். நம் வீட்டுத் தோட்டத்தில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற மருந்து எடுக்கப்படுகிறது. இரத்தப் புற்றுநோயுற்ற எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்த மருந்து அது. அதுவே குடலின் நரம்புகளைத் தளர்த்திக் கடும் மலச்சிக்கலை உண்டாக்குவதும் உண்டு. மதுப் பழக்கமோ, நஞ்சாக இருந்து நரம்பை நேராகவும், உணவைக் குறைத்து மறைமுகமாகவும் கெடுக்கிறது.

நான்காவது, தொற்று நோய்கள். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். நரம்பையே இருப்பிடமாகக் கொள்ளும் கிருமி அது. தேமலில் உணர்ச்சி அற்றுப்போவதை யாவரும் அறிவர். அவ்விடத்தில் வியர்வையும் நின்றுவிடுகிறது. அது தன்னியக்க நரம்பு அழிந்ததன் அடையாளம். செங்கல்பட்டிலும் காரிகிரியிலும் உள்ள நிலையங்கள் இந்நோய் பற்றிய ஆராய்ச்சியில் நெடுங்காலம் உழைத்தவை. கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று இதனை முற்றிலும் குணப்படுத்தலாம். தாமதித்தால் கெட்ட நரம்பு மட்டும் மீளாது. தென் அமெரிக்காவில், சுவரிடுக்கில் வாழும் ஒரு பூச்சியின் மூலம் பரவும் நோயைப் பிரேசில் நாட்டுக் கார்லோஸ் சாகஸ் 1909-இல் விவரித்தார். அது உணவுக் குழாயின் நரம்புகளையும் பெருங்குடலின் நரம்புகளையும் அழித்து, அவற்றைப் பை போல் வீங்கச் செய்கிறது. தொண்டை அடைப்பான் நோயும், எச்.ஐ.வி. தொற்றும் இந்நரம்புகளைத் தாக்கக்கூடியவை.

ஐந்தாவது, உடலின் காவற்படை தன் வீட்டையே தாக்குவது. கிருமியை எதிர்ப்பதற்காக உண்டான ஆற்றல், அடையாளம் தவறி நரம்பின் மேல் பாய்கிறது. கீலன்–பாரே என்னும் நோய் இவ்வகையது. 2025-இன் தொடக்கத்தில் புணே நகரத்தில் திடீரென்று ஏறத்தாழ 200 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். மாசுபட்ட நீரில் பரவும் குடற்கிருமி ஒன்றுடன் அது தொடர்புபடுத்தப்பட்டது. கால்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறும் தளர்ச்சியே இதன் முதல் அறிகுறி. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்குவது இதன் உள்ளுறுப்பு விளைவு. இந்நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஒருவகை மூட்டு நோயும், நுரையீரலில் மறைந்திருக்கும் சிலவகைப் புற்றுநோயும் இவ்வாறே காவற்படையைத் திசை திருப்பி நரம்பைக் கெடுப்பதுண்டு.

ஆறாவது, குடும்ப வழியாக வருவது. போர்ச்சுகல் நாட்டு வைத்தியர் கொரினோ அந்திராடே, அந்நாட்டின் வடக்கே மீனவக் குடும்பங்களில் தலைமுறை தோறும் வந்த ஒரு நோயை 1952-இல் எழுதி வெளியிட்டார். கல்லீரல் ஆக்கும் ஒரு புரதம் உருமாறி, மெழுகு போல நரம்புகளிற் படிந்து, கால் மரத்து, வயிறு கெட்டு, உடல் இளைப்பதே அந்நோய். இப்போது இதற்கு மருந்துகள் வந்துள்ளன. குடும்பத்தில் பலருக்கு இத்தகைய வரலாறு இருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஏழாவது, கேடு மூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றுவது. நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோயில், கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலச்சிக்கலும் மோப்பக் குறைவும் தோன்றுவதுண்டு. விபத்தில் தண்டுவடம் முறிந்தவர்க்கும், அடிவயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்டவர்க்கும் சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றின் நரம்புகள் அறுபட நேரும். இவ்வளவு தேடியும் சிலரிடம் காரணம் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் துன்பத்தைக் குறைக்கும் வழிகள் உண்டு.

பெரியப்பாவிடம் கிடைத்த விடை என்னவென்று கேட்பீர்கள். ஒன்றல்ல, மூன்று. பதினெட்டு ஆண்டுச் சர்க்கரை நரம்புகளை நலிவித்திருந்தது. பி-12 மிகவும் குறைந்திருந்தது. முதல் வீழ்ச்சிக்குச் சில வாரங்கள் முன்பு, சிறுநீர்த் தொல்லைக்காகப் புதிய மாத்திரை ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. சர்க்கரை செய்த கேட்டை நீக்க முடியாது. மற்ற இரண்டையும் நீக்க முடியும். வைத்தியர் மாத்திரையை மாற்றினார். பி-12 ஊசி தொடங்கினார். படுக்கையிலிருந்து எழும்போது முதலில் அமர்ந்து, காலை ஆட்டி, ஒரு குவளை நீர் அருந்தி, பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி பழக்கினார். வீழ்ச்சிகள் நின்றன. பழையபடி நெடுந்தூரம் நடக்க இயலவில்லை. இரைப்பை மந்தமும் தீரவில்லை. ஆனால் திண்ணைக்கும் கோயிலுக்கும் துணையின்றிச் சென்று வரலானார். ஒருநாள் என்னைப் பார்த்து, “நீ முதலிலேயே நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் மேலும் உறைத்தது.

ஆகவே நேயர்களுக்குச் சில வேண்டுகோள்கள். உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவரோ முதியவரோ இருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது, ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறையும், எழுந்து நின்று ஒன்று மற்றும் மூன்று நிமிடங்களில் மறுமுறையும் இரத்த அழுத்தத்தை அளக்கும்படி கேளுங்கள். மேல் அளவு 20-ஓ, கீழ் அளவு 10-ஓ இறங்கினால் காரணத்தைத் தேட வேண்டும். அழுத்தம் இறங்கியும் நாடி விரையாவிடில் நரம்பின் மேல் ஐயம் வலுப்படும். நாடி நன்றாக விரைந்தால் நீர் வற்றியது போன்ற வேறு காரணங்களை எண்ணலாம். உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். பி-12 அளவைச் சோதிப்பது தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று, நம்மவர்க்கென்றே. தில்லியிலும் பம்பாயிலும் ‘சக்கர்’ என்போம். மைசூரிலும் பெங்களூரிலும் ‘தலெ சுத்து’ என்போம். தெரிந்த ஒரு சொல்லில் தெரியாத பல துன்பங்களை அடைத்துவிடுகிறோம். மலம், சிறுநீர், இல்லறம் பற்றியவற்றை, மகனோ மருமகளோ மொழிபெயர்க்க நேருமே என்ற கூச்சத்தால் சொல்லாமலே திரும்பிவிடுகிறோம். வைத்தியரைக் காணுமுன், தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நேர்கிறது, எதைச் செய்யும்போது நேர்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் தணிகிறது, எப்போது தொடங்கியது. கூச்சமானவற்றையும் எழுதுங்கள், பேசுவதைவிட எழுதுவது எளிது. உடன் செல்பவர் அத்தாளை உள்ளது உள்ளபடி, ஒரு வரியும் சுருக்காமல், அந்த ஊர் மொழியில் எடுத்துச் சொல்லட்டும்.

உள்ளுறுப்புகளுக்கு வாய் இல்லை. நரம்பு கெட்ட பின்னர் அவற்றுக்கு வலி என்னும் மொழியும் குறைந்துவிடுகிறது. அவற்றின் பொருட்டுப் பேச வேண்டியவர்கள் நாமே. நாம் சொல்லும் சொல் சரியாக இருந்தால் வைத்தியரின் தேடலும் சரியான இடத்தில் தொடங்கும்.